திறக்கப்போகும் கதவுக்கு மட்டும் ஏன் வேறு நிறம்?

பொங்கல் விடுமுறைக்குக் காரைக்குடிக்கு வந்திருந்த என் பேத்தி, வளவுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் ஒரு பழைய கார்ட்டூன் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் படத்தை நிறுத்திவிட்டு, "ஐயா, இந்த நாலு கதவுல எது திறக்கப்போகுதுன்னு நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். மூன்றாவது கதவைக் காட்டினாள்; மூன்றாவதுதான் திறந்தது. "மத்ததெல்லாம் மங்கலா இருக்கு, இது மட்டும் பளிச்சுன்னு இருக்கே" என்றாள். அதன் பிறகு கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கோடுகள் ஏன் நடுங்குகின்றன, யாருடைய உடையிலும் பூவோ கட்டமோ ஏன் இல்லை, ராபின் ஹுட் படத்துப் பெண் நரி ஏன் ஸ்னோ ஒயிட் ஆடிய அதே ஆட்டத்தை ஆடுகிறது, இவையெல்லாம் தப்புகளா, தப்புகள் என்றால் இந்தப் படங்களை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்? அன்று பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேலைக்குச் சேர்வதற்கு முன், சென்னையில் விளம்பரப் படங்கள் செய்த ஒரு சிறிய கூடத்தில் மூன்று ஆண்டுகள் செல் தாளுக்கு வண்ணம் தீட்டியவன் என்பதால், இந்தக் கேள்விகளில் சிலவற்றுக்கு என் கையே பதில் சொல்லும்.

முதலில் அந்தக் கதவு. கையால் வரைந்த படத்தில் நீங்கள் காணும் ஒவ்வொரு காட்சியும் குறைந்தது இரண்டு பொருள்களால் ஆனது. அடியில் இருப்பது பின்னணி ஓவியம். அதைத் தாளில் நீர்வண்ணத்திலோ போஸ்டர் வண்ணத்திலோ, நிழலும் ஒளியும் ஒன்றில் ஒன்று கரையும்படி, ஓர் ஓவியர் நாள்கணக்கில் தீட்டுவார். அதன் மேல் வைக்கப்படுவது செல் எனப்படும் ஒளி ஊடுருவும் தாள். அசைகிறவை எல்லாம் அதில்தான் இருக்கும். செல்லின் மேல் நிழல் கரையும்படி தீட்ட முடியாது. பக்கத்துச் செல்லில் அதே கரைவைத் துல்லியமாக மறுபடி கொண்டுவர எந்தக் கையாலும் இயலாது என்பதால், அடுத்தடுத்த படங்களில் நிறம் கொதிப்பதுபோல் அலையும். அதனால் செல்லில் தட்டையான, ஒரே அடர்த்தியுள்ள வண்ணமும் அதைச் சுற்றி ஒரு மைக்கோடும்தான். ஆகவே மூன்று கதவுகள் பின்னணி ஓவியத்தின் பகுதியாகக் கோடில்லாமல் மென்மையாக நிற்க, திறக்கப்போகும் ஒன்று மட்டும் கோடு சூழ்ந்து, தட்டையாக, மேலே ஒட்டியதுபோல் நிற்கிறது. போதாக்குறைக்கு, செல் தாள் முழுமையாகத் தெளிந்ததும் அல்ல. அதில் ஒரு சிறு சாம்பல் அல்லது மஞ்சள் சாயல் இருக்கும். பின்னணி அந்தத் தாள்களுக்கு அடியில் கிடந்து சற்று மங்க, கதவு மேலே இருந்து பளிச்சிடும்.

அப்படியானால் திறக்கும் கணம் வரை அந்தக் கதவையும் பின்னணியிலேயே தீட்டி வைத்துவிட்டு, திறக்கும்போது மட்டும் செல்லுக்கு மாற்றினால் என்ன என்று பேத்தி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். மாற்றும் அந்த ஒரு கணத்தில் நிறம் சட்டென்று குதிக்கும். தொடக்கத்திலிருந்தே சற்று வேறாக இருக்கும் கதவைக் கண் மன்னித்துவிடும், ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறும் கதவை மன்னிக்காது. ஆகவே காட்சியின் முதல் படத்திலிருந்தே அதைச் செல்லில் வைத்தார்கள். இரண்டு குறைகளில் சிறியதைத் தேர்ந்தெடுத்ததன் அடையாளம் அது. கைவேலையில் பெரும்பாலான முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

செல்லில் வண்ணம் வைக்கும் முறையைச் செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்வது எளிது, ஏனென்றால் நம் காலடியிலேயே அதன் உறவினர் கிடக்கிறது. ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும், பிறகு ஈரக் கலவையும் இட்டு அமுக்குகிறார்கள். நாம் நடக்கும் முகம், செய்யும்போது கண்ணாடியோடு ஒட்டி அடியில் இருந்த முகம். செல்லும் அப்படியே: கோடு தாளின் முன்புறத்தில், வண்ணம் பின்புறத்தில். பார்வையாளன் காண்பது வண்ணத்தின் தாளோடு ஒட்டிய வழுவழுப்பான அடிமுகத்தைத்தான். தூரிகை ஓடிய மேடுபள்ளமெல்லாம் மறுபக்கத்தில் மறைந்துவிடும். செல் வண்ணத்தின் அந்தக் கண்ணாடி போன்ற சமதளத்துக்கு இதுவே காரணம்.

எங்கள் பகுதிப் பழைய வீடுகளில் மாட்டியிருக்கும் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்கள் இன்னும் நெருங்கிய உறவு. கண்ணாடியின் பின்புறம் தீட்டும்போது வேலையின் வரிசையே தலைகீழாகிவிடும்: கண்மணியும் நகையும் முதலில், முகத்தின் நிறம் அதற்கடுத்து, திரைச்சீலையும் தூணும் கடைசியில். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அத்தகைய ஓவியத்தின் பின்பலகையைக் கழற்றிப் பார்க்க யாராவது அனுமதித்தால் பாருங்கள். முகத்தின் இடத்தில் வெறும் வண்ணத் திட்டுதான் தெரியும், கண்கள் அதற்கு அடியில் புதைந்திருக்கும். சென்னைக் கூடத்தில் நான் சேர்ந்த முதல் நாள் ஒரு பெண்ணின் முகத்துக்கு வண்ணம் வைத்துவிட்டுப் பிறகு கண்ணின் வெள்ளையை வைத்தேன். திருப்பிப் பார்த்தால் கண்ணின் ஓரமெல்லாம் தோல் நிறம். கூடத்தின் மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் செல்லை வாங்கி ஈரத் துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

வண்ணத்தை நாம் சுவரில் தீட்டுவதுபோல் முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. தூரிகையில் நிறைய எடுத்து, தாளில் ஒரு சிறு குட்டையாக விட்டு, அந்தக் குட்டையைக் கோட்டின் ஓரம்வரை மெல்லத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மெலிந்தால் விளக்கொளியில் வரிவரியாகத் தெரியும். தடித்தால் உலர்ந்த பின் வெடிக்கும். விரல் ரேகை படாமலிருக்கப் பருத்திக் கையுறை, அதிலும் பெருவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் மட்டும் நுனி வெட்டியது. இத்தனைக்கும் பிறகு தவறு நடக்கும். ஒரு பிஸ்கட் விளம்பரத்தில் எனக்கு வந்த செல்களில் மூன்றில் சட்டைப் பொத்தானுக்கு வெள்ளை வைக்க மறந்துவிட்டேன். ஒவ்வொரு செல்லும் இரண்டு ஃபிரேம், அதாவது பிலிமின் இரண்டு தனிப் படங்கள், நின்றதால், நொடிக்கு 24 ஃபிரேமில், அது மொத்தம் கால் நொடி. தொலைக்காட்சியில் அந்த விளம்பரம் வந்தபோதெல்லாம் பொத்தான் ஒருமுறை கண் சிமிட்டியது. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு வேறு எதுவுமே தெரியவில்லை. பெரிய படங்களிலும் இத்தகைய சிமிட்டல்கள் உண்டு: ஒரு கணம் நிறம் மாறும் காலர், ஒரு ஃபிரேமில் காணாமல் போகும் வளையல். பார்த்தால் சிரியுங்கள், ஆனால் அந்த ஒரு தாளுக்குப் பின்னால் ஒருவர் மதிய உணவுக்கு எழுந்து போயிருக்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1937ஆம் ஆண்டின் 'ஸ்னோ ஒயிட்' ஏறத்தாழ 83 நிமிடப் படம். அதாவது ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபிரேம்கள். அந்தக் காலத்து டிஸ்னி கூடத்தில் கோட்டு மையும் வண்ணமும் இட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள்; அவர்களில் மிகச் சிலரின் பெயரே திரையில் வந்தது.

செல்களை அடுக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். ஒரு காட்சியில் மூன்று பாத்திரங்கள் இருந்தால் மூன்று அடுக்கு. நான்கைந்து அடுக்குக்கு மேல் போனால் அடியில் உள்ளவர் முகம் மங்கிவிடும். ஆகவே அடி அடுக்குக்கு உரிய சிவப்பை மேலடுக்குச் சிவப்பைவிடச் சற்றுப் பிரகாசமாகக் கலக்க வேண்டும். ஒரு பாத்திரம் காட்சியிலிருந்து வெளியேறினால் அதன் செல்லை எடுத்துவிடக் கூடாது. அந்த இடத்தில் ஒரு வெறும் செல்லை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓர் அடுக்கு குறைந்து காட்சி முழுவதும் திடீரென்று வெளுக்கும். திரையில் எதுவுமே இல்லாத ஒரு தாள், நிறம் மாறாமலிருப்பதற்காகவே படம் பிடிக்கப்படுகிறது என்பதை நான் முதலில் கேட்டபோது கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். கேமராவுக்கு அடியில் கண்ணாடித் தகடு செல்களைச் சரியாக அமுக்காவிட்டால், பாத்திரத்தின் ஓரத்தில் பின்னணியின் மேல் மெல்லிய நிழல் விழும். பழைய படங்களில் வானத்தில் பறக்கும் பறவைக்கு வானத்தின் மேலேயே நிழல் விழுவதைக் காணலாம். வானம் தாள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பிழை அதுதான்.

கோடுகள் நடுங்குவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு. 1914இல் வின்சர் மெக்கே செய்த 'கெர்ட்டி' என்னும் டைனசோர் படத்தில் செல் கிடையாது. ஒவ்வொரு தாளிலும் டைனசோரோடு மலையும் பாறையும் ஏரியும் மறுபடி மறுபடி வரையப்பட்டன. அதனால் அசையக் கூடாத மலையும் அங்கே மூச்சுவிடுகிறது. அதே ஆண்டின் கடைசியில்தான் ஏர்ல் ஹர்ட் செல் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்; 1915இல் அது கிடைத்தது. அசையாதவை ஒரே ஓவியமாக நின்றன, மலையின் நடுக்கம் நின்றது. ஆனால் பாத்திரத்தின் நடுக்கம் நிற்கவில்லை. ஒரு அசைவின் முக்கிய நிலைகளைத் தலைமை ஓவியர் வரைய, இடைப்பட்டவற்றை இன்பிட்வீன் செய்பவர் நிரப்ப, வேறொருவர் மையால் செல்லில் பிரதி எடுப்பார். மூன்று கைகள், ஒவ்வொன்றும் மயிரிழை விலகும். தாளின் அடியில் உள்ள துளை, தாளை நகராமல் பிடிக்கும் பெக் என்னும் முளையில் சற்றுத் தளர்ந்துவிட்டாலும் உருவம் முழுவதும் குதிக்கும்.

கோட்டின் கதையில் பெரிய திருப்பம் 1959க்கும் 1961க்கும் நடுவில் நடந்தது. 1959இல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் கோடு ஏறத்தாழ முழுவதும் கையால் இட்ட மை. பாத்திரத்தின் உடை நிறத்துக்கேற்ப வண்ண மை. சுமார் 60 லட்சம் டாலர் செலவான அந்தப் படத்துக்குப் பிறகு அப்படிச் செய்யக் கட்டுப்படியாகவில்லை. 1961இன் '101 டால்மேஷன்ஸ்' படத்தில், டிஸ்னி கூடத்தின் தொழில்நுட்ப வல்லுநர் அப் ஐவர்க்ஸ் ஜெராக்ஸ் இயந்திரத்தைத் திருத்தியமைத்து, ஓவியரின் பென்சில் கோட்டை நேரடியாகச் செல்லில் பதித்தார். கோடு கறுத்தது, சொரசொரப்பானது. அழிக்காமல் விட்ட துணைக்கோடுகூடத் திரையில் வந்தது. நாய்களின் உடலிலுள்ள புள்ளிகள் மொத்தம் 64 லட்சத்துக்கும் மேல் என்று நிறுவனமே பெருமையாகக் கணக்குச் சொன்ன படத்தை ஜெராக்ஸ் இல்லாமல் நினைத்தும் பார்க்க முடியாது. வால்ட் டிஸ்னிக்கு அந்தக் கரடுமுரடான தோற்றம் பிடிக்கவில்லை என்பார்கள். இதில் நான் அவர் கட்சியில் இல்லை. மையிட்ட கோடு அழகு. ஆனால் அது பிரதி எடுத்தவரின் கோடு. ஜெராக்ஸ் கோட்டில்தான் வரைந்தவரின் மணிக்கட்டு முதல்முறையாகத் திரைக்கு வந்தது. அந்தப் படத்தின் பின்னணிகளையும் கவனியுங்கள்: வீடும் நாற்காலியும் கோடாக ஒரு செல்லில், வண்ணம் அதனடியில் கோட்டுக்குக் கட்டுப்படாத திட்டுகளாக. அச்சுக் கல் ஒரு நூல் நகர்ந்துபோன பழைய ரவிவர்மா படங்களில் உதட்டுச் சிவப்பு உதட்டுக்கு வெளியே நிற்குமே, அது அங்கே தற்செயல். இங்கே வேண்டுமென்றே செய்தது.

உடையைப் பற்றிய கேள்விக்குக் கண்டாங்கிச் சேலையை நினைத்தால் போதும். அதன் கட்டங்கள் ஒவ்வொரு மடிப்பிலும் வளைந்து, உடைந்து, மறைந்து தோன்றும். அணிந்தவர் பத்தடி நடக்க, அறுபது தாள்களில் அத்தனை கட்டங்களையும் பிசகாமல் வரைய வேண்டுமென்றால் எந்த ஓவியரும் வேலையை விட்டுவிடுவார். ஆகவே ஒற்றை நிறம், அதிகம் போனால் ஒரு கரை. 1929இல் மிக்கி மவுஸ் கையில் ஏறிய வெள்ளைக் கையுறைக்கும் இத்தகைய நடைமுறைக் காரணம்தான்: கருப்பு உடம்பின் முன் கருப்புக் கை தெரியவில்லை. நான்கு விரல்கள், ஒன்று வரையும் வேலை மிச்சம். தொலைக்காட்சிக்காக ஹன்னா-பார்பரா செய்த தொடர்களில் விலங்குகள் சட்டையில்லாமல் காலரும் டையும் மட்டும் அணிந்திருக்கும். தலை ஒரு செல், உடம்பு ஒரு செல் என்று பிரித்து, பேசும்போது தலையை மட்டும் மாற்றுவதற்கு அந்தக் காலர் தையல் மறைக்கும் துணி.

ஆட்டம் திரும்ப வருவதைப் பற்றி. 1973இன் 'ராபின் ஹுட்' படத்தில் காட்டுக்குள் நடக்கும் ஆட்டத்தின் பகுதிகள் 'ஸ்னோ ஒயிட்', 'ஜங்கிள் புக்' முதலிய முந்தைய படங்களின் ஓவியங்களை வைத்து, மேலே நரியையும் கரடியையும் வரைந்தவை. பேத்தியின் கண் சரியாகப் பிடித்தது. இதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. கதவின் நிறத்துக்குப் பொருளின் இயல்பு காரணம். இதற்குச் சிக்கனம் காரணம், கொஞ்சம் களைப்பும். ஸ்னோ ஒயிட்டின் உடம்புக்காக யோசித்த அசைவு நரியின் உடம்பில் ஏறும்போது நரி நரியாக இல்லை. பழையது என்பதற்காகவே எல்லாவற்றையும் கும்பிட்டால், உண்மையிலேயே கும்பிடத் தக்கவை எவை என்று தெரியாமல் போய்விடும்.

வேகத்தைக் காட்டச் செய்த வித்தையை அப்படி நான் மதிக்கிறேன். 1942இல் சக் ஜோன்ஸ் இயக்கிய 'தி டோவர் பாய்ஸ்' படத்தில் ஒருவர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பாயும்போது நடுவில் ஓரிரு ஃபிரேமில் அவர் உடம்பு இழுத்துத் தேய்த்த வண்ணப் பட்டையாக இருக்கும். நிறுத்திப் பார்த்தால் கோரம், ஓடவிட்டால் மின்னல். நிறுத்திப் பார்க்கும் வசதி நமக்குக் கிடைத்த பிறகு இத்தகைய ஃபிரேம்களைப் படம்பிடித்துக் கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. நொடியில் இருபத்துநான்கில் ஒரு பங்கு மட்டும் வாழ்வதற்காக வரைந்ததை நிமிடக்கணக்கில் முறைத்துப் பார்ப்பது முறையல்ல.

நம் ஊர்ப் பக்கத்துக்கு வந்தால், காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் தொடங்கிப் பிறகு சென்னைக்குக் கொண்டுபோன ஏவிஎம் நிறுவனம்தான் 1989இல் 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினிகாந்தையும் குழந்தைகளையும் வரைந்த விலங்குகளோடு ஒரு பாடலில் சேர்த்தது, இயக்கியவர் எஸ்.பி. முத்துராமன், அசைவூட்டம் ராம் மோகன். அத்தகைய காட்சிகளில் ஒளியைப் பாருங்கள். நடிகர் முகத்தில் வெயில் ஒரு பக்கமிருந்து விழும். வரைந்த விலங்குக்கு எந்தப் பக்கமும் நிழலில்லை. நடிகர் நொடிக்கு 24 தனி நிலைகளில் அசைவார். விலங்கு இரண்டு ஃபிரேமுக்கு ஓர் ஓவியமாக இருந்தால் அதன் அசைவில் ஒரு சிறு தத்தல் தெரியும். அதே ராம் மோகன், யுகோ சாகோ, கொய்ச்சி சசாகி ஆகியோரோடு சேர்ந்து இயக்கி, 1990களின் தொடக்கத்தில் முடிந்த ஜப்பானிய இராமாயணப் படம் ஏறத்தாழ 1 லட்சம் செல்களில் வரையப்பட்டது. தமிழ்க் குரலோடு 2025இல் திரையரங்குகளுக்கு வந்த அதை முதலில் பார்க்கும்படி பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். கதை தெரிந்ததால் கண்ணுக்கு வேலை குறைவு. கோட்டையும் அடுக்கையும் கவனிக்க நேரம் கிடைக்கும்.

பார்க்கும் முறையைப் பற்றி ஒன்றிரண்டு. ஒரு படத்தை முதல்முறை கதைக்காகவே, நிறுத்தாமல் பாருங்கள். பிறகு பிடித்த ஒரு காட்சியை ஒலியை அடக்கிவிட்டுப் பாருங்கள். முதல் தடவை பின்னணியை மட்டும், அடுத்த தடவை அசையாமல் நிற்பவர்களை மட்டும். ஒரு பாத்திரம் பேச, மற்றவர்கள் சிலையாக நிற்பது எத்தனை நொடி என்று எண்ணினால், அந்தக் கூடத்தின் கையிருப்பே தெரிந்துவிடும். 'ஸ்னோ ஒயிட்', 'ஸ்லீப்பிங் பியூட்டி', '101 டால்மேஷன்ஸ்' மூன்றையும் அதே வரிசையில் பார்த்தால், கோடு எப்படி மெலிந்து, நிமிர்ந்து, கலைந்தது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1990இல் 'தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்' முழுவதும் கணினியில் வண்ணமிடப்பட்டது. அதன் பிறகு வந்த டிஸ்னி படங்களில் செல்லின் நிழலையோ தூசியையோ தேட வேண்டாம், கிடைக்காது.

கடைசியாக, எந்தப் பதிப்பைப் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். பழைய படங்களைச் சுத்தம் செய்து வெளியிடும்போது, பிலிமின் மணல்மணலான தன்மையை நீக்க மென்பொருளை ஓட்டுகிறார்கள். மணலுக்கும் மெல்லிய பென்சில் கோட்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த மென்பொருளுக்குத் தெரியாது. புருவத்தின் நுனியும், ஜெராக்ஸ் காலத்துத் துணைக்கோடுகளும், உலர்ந்த தூரிகையால் இழுத்த வேகக்கோடுகளும் மணலோடு சேர்ந்து போய்விடும். முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். இரண்டு பதிப்புகள் கிடைத்தால், ஒரு காட்சியை நிறுத்தி, பாத்திரத்தின் விரல் நுனிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு அறுபடாமல் சுற்றி வருகிற பதிப்பை, அது எவ்வளவு மணலாகத் தெரிந்தாலும், எடுத்துக்கொள்ளுங்கள்.